எழுதாத பக்கம்

மகாதேவி இன்னும் எழுதியே இராத பக்கம் திறந்துகொண்டது.

சும்மா சோதித்துப் பார்க்கத்தான் அதை அழுத்தினாள். ஐந்து பக்கம் கொண்ட சின்ன வெப்சைட். முகப்பு, அறைகள், சாப்பாடு, விருந்தினர் சொன்னவை, வரும் வழி. முதல் மூன்றைத்தான் முடித்திருந்தாள். மெனுவில் ஐந்துக்கும் லிங்க் போட்டாயிற்று, ஆனால் கடைசி இரண்டுக்கும் பின்னால் ஃபைலே கிடையாது. அழுத்தினால், அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ‘வரும் வழி’யை அழுத்தியபோது சொன்னது. ‘விருந்தினர் சொன்னவை’யை அழுத்தியபோது வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு வரி.

“மாடி அறையில் தங்கியிருக்கிறோம். குளிர் பழகிவிட்டது.”

அவள் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். மூன்று ஃபைல்கள், காலையில் எடுத்த போட்டோக்கள். வேறு எதுவும் இல்லை. கொடைக்கானல் மலையில், கூக்கால் கிராமத்தின் இந்த மேட்டு வீட்டுக்கு இன்னும் நெட் வரவில்லை. ஏரிக்கரை வரை நடந்தால்தான் போனில் ஒரு புள்ளி சிக்னல் தெரியும். வெளியிலிருந்து எதுவும் இந்த லேப்டாப்புக்குள் வந்திருக்க முடியாது. அதைவிட, இந்த விடுதியில் இதுவரை ஒரு விருந்தாளிகூடத் தங்கியதில்லை. சீசனுக்குத்தான் திறப்பு. வாசலில் வைக்க வேண்டிய போர்டு பெயிண்ட் காயாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

“ஏ மகா, காப்பி போடவா?” அடுப்படியிலிருந்து பாண்டீஸ்வரி கேட்டாள்.

“வேணாங்க்கா, இப்பத்தான குடிச்சேன்.”

“இந்தக் குளிருக்கு அதெல்லாம் கணக்கா? இரு, குழம்ப எறக்கிட்டு வாரேன்.”

பூண்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை கூடம் முழுக்க இருந்தது. பாண்டீஸ்வரி நாயுடுபுரத்தில் மகாதேவியின் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள். புருஷனைப் பிரிந்து வந்த மகாதேவியை ஊரே ஒரு மாதிரி பார்த்தபோது, தினமும் கதவைத் தட்டிச் சாப்பிட வைத்தவள் அவள் ஒருத்திதான். அவளும் அவள் கணவன் பொன்னுவேலும் இந்தப் பழைய வீட்டை வாங்கி, சுவருக்கு மஞ்சள் அடித்து, விடுதியாக்கியதும் முதல் வேலையாக மகாதேவியைத்தான் கூப்பிட்டார்கள். பொன்னுவேல் படம் ஓடும், பாட்டுப் பாடும் வெப்சைட் கேட்டார். மலையில் சிக்னல் கிடைக்காது அண்ணே, எளிய எச்.டி.எம்.எல். பக்கங்கள் போதும், சட்டென்று திறக்கும் என்று மகாதேவிதான் சொல்லிப் புரிய வைத்தாள். இன்று காலை அவர் சிலிண்டர் எடுக்க ஜீப்பில் கொடைக்கானலுக்குப் போயிருந்தார்.

மதியம்தான். ஆனால் மேகம் இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பூண்டுப் பாத்திகள் ஒவ்வொன்றாக மறைந்து, பிறகு வேலி மறைந்து, பிறகு வாசல் தைலமரங்களும் மறைந்து, அவற்றின் இலைகளிலிருந்து தகரக் கூரையில் நீர் சொட்டும் சத்தம் மட்டும், ஒழுங்கில்லாமல், யாரோ யோசித்து யோசித்து விரலால் தட்டுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. கூடத்தின் மூலையிலிருந்து மாடிக்கு ஏறும் மரப்படிகளில் பாதிக்கு மேல் இருட்டு.

அவள் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். இப்போது முதல் வரிக்குக் கீழே இன்னொன்று இருந்தது.

“மெத்தை மூன்று பேருக்குத்தான். நாங்கள் ஒன்பது பேர். குறையொன்றும் இல்லை.”

இந்த மாதிரிப் பக்கம் தானாக மாறாது. யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. அவள் அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் விடும் அதே இரண்டு இடைவெளி. பத்தியை மூட எப்போதும் அவள் மறக்கும் அதே குறி, இங்கும் மறந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் தானே எழுதி, எங்கோ சேமித்து, மறந்துவிட்டோமோ? அப்படித்தான் இருக்க வேண்டும். ‘வரும் வழி’ பக்கத்தை எழுத ஆரம்பித்தாள். விரல்கள் ஓட ஓட மனம் கொஞ்சம் அடங்கியது. பூம்பாறை தாண்டி இடப்பக்கம் திரும்பவும். ஏரியைச் சுற்றி வரவும். சேமித்துவிட்டு, வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அந்த லிங்க்கை மறுபடி அழுத்தினாள்.

“கீழே யாரோ தட்டுகிற சத்தம் கேட்கிறது. இதமாக இருக்கிறது.”

அவள் விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். கூரையில் சொட்டும் நீர். குழம்பு கொதிக்கும் சத்தம். வேறு ஒன்றுமில்லை. சத்தம் வராமல் ஒற்றை விரலால் பக்கத்தைப் புதுப்பித்தாள்.

“நின்றுவிட்டது. ஏன் நின்றது?”

தலைக்கு மேலே பலகைத் தரை ஒருமுறை கிறீச்சிட்டது. படுத்திருந்தவர் எழுந்து உட்காரும்போது எழுகிற சத்தம்.

“அக்கா!”

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு பாண்டீஸ்வரி கரண்டியோடு ஓடி வந்தாள். திரையில் இருந்ததை வாய்விட்டு, எழுத்தெழுத்தாகப் படித்தாள். முகம் மாறியது. பயத்தால் அல்ல, கோபத்தால்.

“எவனோ மேல ஏறி உக்காந்துருக்கான். எங்கள எளப்பமா நெனச்சிட்டான்.”

“மேல இருக்குறவன் இதுல எப்படிக்கா எழுத முடியும்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டுச்சா இல்லியா?”

“கேட்டுச்சு. அதான் சொல்றேன், போகாதீங்க. அண்ணே வரட்டும்.”

“அவுக வர்றதுக்குள்ள மெத்தையெல்லாம் தூக்கிட்டுப் போயிருவான். நீ இங்கனயே இரு.” அவள் கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, அடுப்படி மூலையிலிருந்து அருவாளை எடுத்துக்கொண்டாள். மகாதேவி அவள் கையைப் பிடித்தாள். அடுப்படியில் நின்ற கை, கணகணவென்று சுட்டது. பாண்டீஸ்வரி சிரித்தபடி கையை விடுவித்துக்கொண்டு படியேறினாள்.

மகாதேவி கூடவே போயிருக்கலாம். கால் வரவில்லை.

மேலே கதவு திறந்தது. காலடிகள் தரையின் குறுக்கே நடந்தன. நின்றன.

“ஏ மகா, இங்க ஒருத்தருமில்ல. மெத்தை மட்டும் ஈரமாக் கெடக்கு. கூரையில ஓட்டையிருக்கும் போல.” மறுபடி இரண்டு காலடிகள். “இதென்னடி, இந்தப் பக்கமும் ஒரு கதவு இரு…”

கதவு சாத்தப்பட்டது. காற்றில் அடித்துக்கொள்ளவில்லை. தூங்கும் பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று சாத்துகிற மாதிரி, மெல்ல.

“அக்கா?”

திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். இந்த முறை அவள் எதையும் அழுத்தவில்லை. வரி தானாக வந்திருந்தது.

“புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். கை சூடாக இருக்கிறது. எல்லோரும் பிடித்துக்கொள்கிறோம்.”

அவள் படியை நோக்கி ஓடினாள். பாதி ஏறியவளை ஈரக் கம்பளியின் வாடை நிறுத்தியது. நெடுநாள் வெயில் காணாத துணி, நெடுநாள் குளிக்காத உடம்பு. மாடிக் கதவின் அடியில் வெளிச்சக் கீற்று தெரிந்தது. அந்தக் கீற்றில் நிழல்கள். கதவை ஒட்டி நிற்கும் பாதங்களின் நிழல்கள், இடைவெளியில்லாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும்.

“மகா…” உள்ளேயிருந்து பாண்டீஸ்வரியின் குரல். வாயை யாரோ பொத்திப் பொத்தி விடுவதுபோல விட்டு விட்டு வந்தது. “மகா… வெரசா…”

வா என்றாளா? போ என்றாளா?

கதவின் தாழ் நகர்ந்தது.

மகாதேவி விழுந்தடித்துக் கீழே இறங்கினாள். வாசல் கதவை நோக்கித்தான் ஓடினாள். ஆனால் அக்காவை விட்டுவிட்டு எங்கே போவது? மேலே கதவு திறந்தது. முதல் படியில் ஒரு கால் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் பல. செருப்பில்லாத, ஈரமான கால்கள்.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இவர்கள் ஒரு லிங்க் வழியாக வந்தார்கள். லிங்க் இல்லையென்றால் வழி இல்லை.

லேப்டாப்பின் முன் மண்டியிட்டாள். புதிதாக எழுதிய ‘வரும் வழி’யில் இன்னும் மெனு போடவில்லை; மற்ற மூன்று ஃபைல்களிலும் இருந்தது. மூன்றிலும் எடுக்க வேண்டும். முகப்பைத் திறந்தாள். ‘விருந்தினர் சொன்னவை’. அந்த ஒரு வரி. அழித்தாள். சேமித்தாள்.

படியில் கால்கள் நின்றன.

அறைகள். அழித்தாள். சேமித்தாள்.

வாடை குறைந்தது. கால்கள் பின்னோக்கி ஏறின. ஒவ்வொன்றாக. வேண்டாவெறுப்பாக.

சாப்பாடு. பக்கத்து வரியைத் தவறாக அழித்து, திரும்பக் கொண்டுவந்து, சரியான வரியைப் பிடித்தாள். அழித்தாள்.

“விட்டுட்டாகடி!” மேலே பாண்டீஸ்வரி கத்தினாள். தெளிவான குரல். அவளுடைய குரலேதான். “மகா, இரு, நான் எறங்கி வந்துட்டேன்…” படிகளில் ஓடிவரும் ஒற்றைக் காலடி.

விரல் அதற்குள் சேமித்துவிட்டது.

காலடி நின்றது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில்.

மகாதேவி திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் மூலையில் படிகள் இல்லை. சுவர் இருந்தது. பொன்னுவேல் அடித்த அதே மஞ்சள். விரிசல் இல்லை, மரத்தூள்கூட இல்லை. மேலே கூரைப் பலகைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூடிக் கிடந்தன.

“அக்கா. அக்கா. அக்கா.”

சுவரைத் தட்டினாள். நகத்தால் பிறாண்டினாள். நகத்துக்குள் சுண்ணாம்பு ஏறியது. லேப்டாப்புக்கு ஓடி, அழித்ததை எல்லாம் திரும்ப எழுதினாள், மூன்று ஃபைல்களிலும், அதே எழுத்து, அதே இடைவெளி, சேமித்தாள், திரும்பினாள். சுவர். இன்னொரு முறை எழுதினாள். சுவர். அடுப்படியில் குழம்பு அடிப்பிடித்துத் தீயும் வாடை.

வெளியே ஜீப் சத்தம்.

வாசலுக்கு ஓடினாள். மேகத்துக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்து நின்றன. பொன்னுவேல் இறங்கி, மப்ளரை இறுக்கிக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்தார்.

“அண்ணே,” என்றாள். “அண்ணே, அக்கா…”

“ஏம்மா இப்படி வேர்த்துப் போயி நிக்க? பாண்டி எங்க? சிலிண்டரப் பிடிக்கச் சொல்லு.”

கேட்டுக்கொண்டே அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது.

“அட, யாரும்மா அவுகல்லாம்? சீசனுக்கு முன்னாடியே ஆள் வந்துட்டாகளா?”

மகாதேவி திரும்பினாள். மேகம் அங்கு மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. மாடி ஜன்னல் தெரிந்தது. கண்ணாடி நிறைய முகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, வெளுத்து, ஊறிப்போய், புன்னகையோடு. நடுவில் பாண்டீஸ்வரி. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவளுடைய இரண்டு கைகளிலும் எத்தனையோ கைகள் பற்றியிருந்தன, முழங்கை வரை, தோள் வரை, தோல் தெரியாமல்.

“ஏ பாண்டி!” பொன்னுவேல் சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

அந்தக் கைகள் பாண்டீஸ்வரியின் வலது கையை மெதுவாகத் தூக்கி, ஜன்னலருகே கொண்டுவந்து, அவரைப் பார்த்து அசைத்துக் காட்டின.