குரல் கொடுத்தவள்

மாலை ஜெபமாலையை ஜெனிபர் இன்னும் தொடங்கவே இல்லை. ஆனால் உள்ளறையில் அவள் குரல் தொடங்கிவிட்டிருந்தது.

மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. வெளியே அபிஷேகப்பாக்கம் வயல்மேல் மழை விடாமல் ஊற்ற, சேற்று வாடையும் மீன் கவிச்சியும் கலந்து வீச, சுவருக்கு அந்தப்பக்கம் அவள் குரலே முன்பாதி ஜெபத்தைச் சொல்ல, ஆறு வயது மகள் ஜாய்ஸ் பின்பாதியைத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

எல்லாம் அந்த ரோபோவின் வேலைதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு முகம் பார்த்து மனம் அறியப் பழக்குகிற பொம்மை. வில்லியனூர் பக்கம் ஒரு சென்டரில் ஒரு மாதத்துக்குக் கொடுத்தது. திரையில் முகம் காட்டும். சிரிப்பா, கோபமா, பயமா என்று கேட்கும். ஜாய்ஸ் இதுவரை ஜெனிபரின் கண்ணைப் பார்த்ததில்லை, அம்மா என்று கூப்பிட்டதும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஏங்காத நாளில்லை.

"பத்து வார்த்த உங்க குரல்ல பதிஞ்சா போதும்க்கா. மீதிய நேர்ல பேசுங்க" என்று சென்டர் டீச்சர் பிரியதர்ஷினி படித்துப் படித்துச் சொன்னாள். ஜெனிபர் கேட்டாளா? பொம்மை சொன்னால் பிள்ளை கேட்கிறதே என்ற பேராசையில் கொஞ்சல், அதட்டல், ஜெபமாலை என்று மூன்று வாரமாக எல்லாவற்றையும் அதற்குள் கொட்டித் தீர்த்திருந்தாள்.

கையைக்கூடக் கழுவாமல் போய்ப் பார்த்தாள். கரண்ட் இல்லாத அறையில் அந்தத் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் அவள் முகம். குரலைத்தான் கொடுத்திருந்தாள். போட்டோ ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

ஜெபம் நின்றது.

"இது யாரு?" ஜெனிபரின் குரலில் ரோபோ கேட்டது.

"அம்மா" என்றாள் ஜாய்ஸ்.

ஐயோ, அந்த வார்த்தை! அது பெற்றவளுக்கு இல்லை, பொம்மைக்கு.

"நாந்தான்டி அம்மா! இங்க பாருடி!"

ஜாய்ஸ் காதைப் பொத்திக்கொண்டாள். ரோபோவின் தலை மெல்லத் திரும்பியது. ஜெனிபர் பக்கம். நின்றது.

"அது யாரு?"

"தெரியல."

"மூஞ்சி எப்டி இருக்கு? நல்லா பாத்துச் சொல்லு."

ஜாய்ஸ் பார்த்தாள். முதன்முறையாக. நேராக, கண்ணுக்குள்.

"பயம்."

"கரெக்ட்டுடி, என் தங்கம்."

திரையில் ஜெனிபரின் முகம் சிரித்தது. ஜாய்ஸ் அதைப் பார்த்து அதே மாதிரி சிரித்துவிட்டு, ரோபோவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.