அறுபது அடிப் பிணம்

"ஐயோ... கொன்னுட்டாகளே..."

பஞ்சம்மாளின் அலறலில் ராயப்பன்பட்டித் தோட்டத்து மயில்கள் பறந்தன.

எதிரே, நின்றபடியே செத்திருந்தது பிணம்.

வயது முப்பது. உயரம் அறுபது அடி. போன மாதம் வரை காய்த்துக் குலுங்கிய தென்னை!

வாடல் நோய் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். மட்டையெல்லாம் உதிர்ந்து மொட்டையான பிறகு, இன்று காலை மரத்தின் தூரைக் கூட்டும்போதுதான் அந்தத் துளை கண்ணில் பட்டது.

எஸ்.ஐ. யுவராணி குனிந்து துளையை முகர்ந்தாள். பெருங்காயம்! பச்சை மரத்தைப் பட்டுப்போக வைக்க ஊருக்கே தெரிந்த விஷம்.

"யார் மேலயாவது சந்தேகமாம்மா?"

"சந்தேகமென்ன... நெட்டு கம்பெனி தங்கபாண்டிதேன். மரத்த வெட்டச் சொல்லி மூணு தடவ வந்து நின்னான்."

அரை மணி நேரத்தில் தங்கபாண்டி தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டான்.

ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் மேல் டவர் வைத்து, வயர் இல்லாமல் வீடுகளுக்கு இன்டர்நெட் தருகிறவன். டவருக்கும் கிழக்குத் தெருவுக்கும் நடுவே இந்தத் தென்னை தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. மட்டை மறைத்தால் சிக்னல் காலி. நாற்பது வீட்டில் மிச்சம் ஒன்பது. அதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"ஒத்துக்கய்யா. மரம் செத்தா உனக்குத்தான் லாபம்."

"லாபமா? கேபிள் இழுக்குற ஃபைபர்க்காரன் நெட்டோட படம், சீரியல், கிரிக்கெட்டுன்னு எல்லாத்தையும் சேத்துக் குடுக்குறான். போன் கம்பெனிக்காரன் நெட்டு டப்பாவ சும்மாவே வச்சுட்டுப் போறான். நான் ஆடிக் காத்துல திரும்பிப்போன டிஷ்ஷ நிமித்த மொட்டமாடி மொட்டமாடியா ஏறுறேன். மரத்தக் கொல்ல எனக்கு நேரம் ஏது மேடம்?"

"அப்ப யாரு கொன்னது?"

"நாந்தேன்."

பின்னாலிருந்து குரல்.

பஞ்சம்மாளின் மருமகள் பவானி! பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள்.

"மன்னிச்சிருங்கத்தே. மீட்டிங்ல பேசும்போதே சிக்னல் போயி, ஸ்கிரீன்ல வாயத் தொறந்தபடி நின்னுபோறேன். இன்னொருக்கா நின்னா வேலை இல்லன்னுட்டாக. மரத்த வெட்டலாம்னா நீங்க கேக்கல..."

"பாவி மகளே... பிள்ளையாட்டம் வளத்தேனேடி..."

பஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு எஸ்.ஐ.யிடம் முணுமுணுத்தாள்.

"கம்ப்ளெயின்ட்டக் கிழிச்சிருங்க தாயீ. இது வீட்டு விவகாரம்."

தங்கபாண்டி பவானியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். பத்து வருடத் தொழிலில் வாங்கியதெல்லாம் வசவு. அவன் நெட்டுக்காகக் கொலை வரை போன முதல் கஸ்டமர்!

"தங்கச்சி... இனி ஆயுசுக்கும் உனக்கு ஃப்ரீ."

பவானி தலையைக் குனிந்தாள்.

"வேணாம்ணே. நேத்துதேன் ஃபைபருக்கு மாறுனேன்."

"ஏத்தா... மரந்தேன் போச்சே. சிக்னல் வருமே?"

"வந்துச்சுண்ணே. ஆனா போஸ்ட் நட எடமில்லன்னு இம்புட்டு நாளா வராத ஃபைபர்க்காரகளும் வந்துட்டாக. பட்ட மரந்தானன்னு அதுலயே ஆணியடிச்சுக் கட்டிட்டாக."

"காய்க்காத மரம்..." என்று இழுத்தாள் பஞ்சம்மாள். "மாச வாடக தர்றோம்னாக."

தங்கபாண்டி அண்ணாந்து பார்த்தான். தென்னையின் நடுவில் இருந்து கறுப்புக் கேபிள் தெருவுக்குள் போனது.

"மிச்ச எட்டு வீடு?"

"அவுகளும் மாறிட்டாகண்ணே."

அவன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மேடம்... செத்த மரத்த வெட்டுனா கேஸ் உண்டா?"

யுவராணி தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"மரத்துக்கு இல்ல. கேபிளுக்கு உண்டு... எங்க ஸ்டேஷன் நெட்டே அதுலதான வருது!"