தடை உத்தரவுப் பிணம்

போன் அடித்தது.

வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டரை. இன்ஸ்பெக்டர் எசெனாம் வாயில் பொரித்த வாழைப்பழம். மென்றபடியே எடுத்தாள்.

"மேடம், பிணவறைக் காவலாளி பென்ட்சில் பேசறேன். ஒரு பிணத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"வெள்ளிக்கிழமைன்னா தூக்கிட்டுத்தானே போவாங்க பெரியவரே? நாளைக்கு அடக்கம் பண்ண வேணாமா?"

"சொந்தக்காரங்க தூக்கினா உங்களுக்கு எதுக்குப் போன் போடறேன்?"

எசெனாம் வாழைப்பழத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அக்ராவுக்கு மேற்கே, கடலோரத்து என்சுவானோவில் ஒரு பழைய அரசாங்க ஆஸ்பத்திரி. அதை இடிக்கலாமா கூடாதா என்று இரண்டு வருஷமாகக் கோர்ட்டில் சண்டை. இடித்துவிட்டு ஓட்டல் கட்டப் போகிறவன் காண்ட்ராக்டர் லாம்ப்டி. நிலம் ஊர் அரசருடையது, அவரே குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார் என்று இந்த வருஷம் ஒரு பத்திரம் நீட்டினான்.

எதிர்த்து வழக்குப் போட்டவள் பிரசவ வார்டு தலைமை நர்ஸ் அராபா. போன வாரம் தோற்றாள்.

தோற்காமல் என்ன செய்வாள்? அவள் பக்கம் ஒரு வக்கீல். அவன் பக்கம் ஏழு.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை மிச்சமிருந்தது. அதன் பெயர் ஆர்ஹின்.

மீனவர். செத்து ஒன்றரை வருஷம். எங்கே புதைப்பது என்று பெண்டாட்டி வீட்டாரும் தாய்வழிக் குடும்பமும் தனியாக ஒரு வழக்கு நடத்துகிறார்கள். தீர்ப்பு வரும்வரை பிணம் இந்தப் பிணவறையை விட்டு நகரக்கூடாது என்று தடை உத்தரவு. பிணவறை இருப்பதோ ஆஸ்பத்திரியின் நட்டநடுவில்.

ஆர்ஹின் இருக்கும்வரை புல்டோசர் உள்ளே வர முடியாது. வார்டில் உயிரோடு கிடக்கிற பதினோரு கர்ப்பிணிகளுக்கு இரங்காத சட்டம், செத்த ஒருவருக்கு இரங்கியது.

படித்தவர்கள் எழுதிய சட்டம். அப்படித்தான் இருக்கும்.

எசெனாம் போய் இறங்கியபோது பிணவறை வாசலில் கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி போர்த்திய கூட்டம். ஆறு குடும்பம், ஆறு ஆம்புலன்ஸ், ஆறு ராகத்தில் ஒப்பாரி.

"ஏழாவதா ஒரு கோஷ்டி வந்துச்சு," என்றார் பென்ட்சில். "நாலு பேரு. மத்தவங்களைவிட நல்லா அழுதாங்க. அப்பவே சந்தேகப்பட்டேன்."

"சந்தேகப்பட்டுமா கொடுத்தீங்க?"

"கையில சீட்டு இருந்துச்சு. டாக்டர் கையெழுத்து, அரசாங்க முத்திரை. அதையெல்லாம் நம்பாம இருக்க நான் என்ன படிச்சவனா?"

அராபா ஓடி வந்தாள்.

"மேடம், கேட்டுல மெஷின் வந்து நிக்குது. உள்ளே ஒருத்திக்கு வலி எடுத்துடுச்சு. நான் அவளை எங்கே தூக்கிட்டுப் போவேன்?"

அவள் பின்னாலேயே லாம்ப்டி. கறுப்புக் கண்ணாடி. பத்தடி தூரத்துக்கு சென்ட் வாசனை.

"ஆர்ஹின் பிணம் காணாமப் போயிடுச்சாமே. ரொம்ப வருத்தம். பிணம் இல்லைன்னா தடையும் இல்லை. கேட்டைத் திறக்கச் சொல்லுங்க மேடம்."

எசெனாம் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆர்ஹின்னு யாரு சொன்னது?"

"ஊரே பேசுது."

"போலீசுக்கே தெரியாது, ஊருக்கு எப்படித் தெரிஞ்சுது? பெரியவரே, போனது ஆர்ஹினா?"

"சீட்டுல அப்படித்தான் இருந்துச்சு," என்றார் பென்ட்சில். "நான் கொடுத்தது அது இல்லை."

எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய்க் குளிர்பெட்டியின் மூன்றாம் தட்டை இழுத்தார்.

ஆர்ஹின் படுத்திருந்தார். மீசையில் பனி. இரண்டு வழக்குகளைத் தாங்குகிற கவலை முகத்தில் துளிகூட இல்லை.

லாம்ப்டி கண்ணாடியைக் கழற்றினான்.

"அப்போ என் பசங்க எடுத்துட்டு வந்தது..."

வாயை மூடினான். கொஞ்சம் தாமதம்.

"எங்கே எடுத்துட்டு வந்தது சார்?" எசெனாம் அன்பாகக் கேட்டாள்.

அவனுடைய மீன் ஐஸ் கிடங்குக்கு. இரண்டு கான்ஸ்டபிள்கள் போய் அரை மணியில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். பென்ட்சில் முகத்துத் துணியை விலக்கினார்.

ஒப்பாரி நின்றது.

வாசலில் இருந்த அத்தனை பேரும் செருப்பைக் கழற்றினார்கள். ஆண்கள் தோளிலிருந்து துணியை இறக்கினார்கள்.

ஊர் அரசர்.

அரண்மனை அறிவிக்கும்வரை அரசர் செத்தார் என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்பார்கள். மாதக்கணக்கில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதையில் சில பேர் நன்றாகச் சம்பாதித்தார்கள்.

"இவர் எப்போ இங்கே வந்தாரு?"

"இந்த வருஷம் ஜனவரி ஒன்பது. அரண்மனை ஆளுங்கதான் வேற பேர்ல வெச்சுட்டுப் போனாங்க. ரிஜிஸ்டர்ல தேதி இருக்கு மேடம்."

"லாம்ப்டி சார், உங்க குத்தகைப் பத்திரம் எந்த மாசம்?"

"இந்த மார்ச்," என்றாள் அராபா. அவளுக்கு அந்தப் பத்திரம் மனப்பாடம்.

"அரசர் என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போட்டார்னு கோர்ட்டுல பைபிளைத் தொட்டுச் சொன்னீங்களே," என்றாள் எசெனாம். " கிட்ட வந்து பாருங்க சார். இவரைத் தெரியுதா?"

தெரியும் என்றால் பத்திரம் செத்தது. தெரியாது என்றால் பொய்ச் சத்தியம்.

லாம்ப்டி ஏழு வக்கீல்களுக்கும் போன் போட்டான். ஒருத்தனும் எடுக்கவில்லை. தோற்கிற கட்சிக்காரனின் நம்பர் வக்கீலுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

எசெனாம் பென்ட்சிலின் காதருகே குனிந்தாள். "அத்தனை பிணத்துல ஏன் இவரைக் கொடுத்தீங்க?"

"கைக்கு எட்டினாரு. முகம் தெரியாம அழறவங்களுக்கு எந்த முகமா இருந்தா என்ன மேடம்?"

கேட்டில் புல்டோசர் பின்னால் நகர்ந்தது.

லாம்ப்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். "வலிக்குது... டாக்டரைக் கூப்பிடுங்க."

அராபா நாடி பிடித்துப் பார்த்தாள். வெறும் பயம்.

"வரிசை அந்தப் பக்கம் சார். சீட்டுப் போட்டுட்டு உட்காருங்க. சுவத்துல தைரியமாச் சாயலாம். நீங்க விழுந்தாலும் இது விழாது."