கரையாத உப்பு

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டி இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். அங்கே மூன்றாம் அறைப் பக்கம் தனியாகப் போக எந்தச் சூரப்புலிக்கும் தைரியம் கிடையாது. பிற்பகலில் கடல்காற்று எழும்பியதும், பூட்டிய அறைக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல ‘நறநற’ என்று சத்தம் கேட்கும்.

திங்கட்கிழமை முதல் ஒன்றாம் வகுப்பு அந்த அறையில்தான் என்று தலைமையாசிரியர் ஞானபாக்கியம் சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பு இசக்கிசெல்விக்கு அன்றே சோறு இறங்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் அவள் தம்பி மாசானம் படிக்கிறான்.

வியாழக்கிழமை அறையைச் சுத்தம் செய்யும் முறை அவளுக்கும் அவள் வகுப்புப் பையன் வளனுக்கும் வந்தது. பெஞ்சுகளின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. உப்புக்காற்றின் வேலை என்று ஞானபாக்கியம் டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். அந்த ஊரில் வெள்ளையாக எது படிந்தாலும் உப்புதான். சைக்கிளில் உப்பு, ஜன்னல் கம்பியில் உப்பு, உப்பளத்துக்குப் போய்வரும் அம்மாவின் சேலையிலும் உப்பு.

இருவரும் கூட்டித் தள்ளினார்கள். வளன் கடைசி பெஞ்சில் சாக்பீஸால் தன் பெயரை எழுதிவைத்தான். இசக்கிசெல்வி பாதி குடித்த தண்ணீர் டம்ளரை அதன் பக்கத்திலேயே மறந்துவிட்டாள்.

மறுநாள் பிற்பகல் மீதி வேலைக்காகப் பூட்டைத் திறந்தார்கள். பெஞ்சில் மறுபடியும் வெள்ளைப் பொடி. பெயரைக் காணவில்லை.

“ஏளா, எம்பேரையே தின்னுட்டு” என்று முனகிய வளன் வாசலுக்கு ஓடிவிட்டான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இசக்கிசெல்வியும் வாசல் பக்கம் திரும்பினாள். அப்போது பார்த்து, தலைக்கு மேலே ‘நறநற’ கேட்டது. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் விரிசல் விட்ட இரண்டு சாம்பல்நிற ஷீட்டுகள் காற்றில் ஒன்றோடொன்று உரசின. ஒவ்வொரு உரசலுக்கும் கொஞ்சம் பொடி சத்தமில்லாமல் இறங்கியது. வளனின் பெயரை மூடியதும் இதுதான்.

டம்ளரைப் பார்த்தாள். தண்ணீருக்கு அடியில் பொடி அப்படியே கிடந்தது. அம்மாவின் சேலையைத் தண்ணீரில் முக்கினால் உப்பு போன இடம் தெரியாது. இது ஏன் கரையவில்லை? மூச்சைப் பிடித்துக்கொண்டு டம்ளரோடு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அது உப்பு இல்லை என்று அவள் சொன்னதும் டீச்சர் முதலில் சிரித்தார். அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

“உப்புன்னா கரையணும்லா டீச்சர். இது ராத்திரி பூரா கெடந்தும் கரையல. எந்தம்பி இதுக்கு அடியில உக்காரக் கூடாது.”

டீச்சரின் சிரிப்பு நின்றது. உடனே கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

திங்கட்கிழமை காலை முகக்கவசம் அணிந்து பொறியாளர் உமாராணி வந்தார். அறைக்குள் போய்வந்து, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாதிரி இருக்கிறது, பொடியை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அது உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்குமாம். அது மூச்சோடு போய் நுரையீரலில் தங்கினால் பல வருஷம் கழித்துக்கூட நோய் வருமாம். ஒருநாள் கூட்டியதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் இனி விளக்குமாறே படக் கூடாது, பயிற்சி பெற்றவர்கள் வந்து நனைத்துத்தான் கழற்ற வேண்டும் என்று சொல்லி அறையைப் பூட்டச் சொன்னார்.

“கட்டடம் உறுதியா இருக்குன்னு சர்டிபிகேட் இருக்கே” என்றார் டீச்சர்.

“விழாதுன்னுதான் அதுல இருக்கு. உதிராதுன்னு இல்லையே.”

டீச்சர் சர்டிபிகேட்டை எடுக்கத் தன் அறைக்குப் போனார். இசக்கிசெல்வியும் பின்னாலேயே போனாள். மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டை அவள் உற்றுப் பார்த்தாள்.

“டீச்சர், இதுலயும் இருக்கு.”

பதிவேட்டின் கறுப்பு அட்டையில் மெல்லிய வெள்ளைப் பொடி. ஞானபாக்கியம் டீச்சர் மெதுவாக அண்ணாந்து பார்த்தார். மேலே அதே சாம்பல்நிற ஷீட்.

அன்று வேப்பமரத்தடியில் ஒன்றாம் வகுப்பு நடந்தது. மாசானத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தலைமையாசிரியரும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.