உள்பக்கமும் மூடணும்

தம்பி வாசல் வரைக்கும் வந்தான். கதவு விரியத் திறந்துதான் இருந்தது. மழை விட்ட மாலை. வேலிக்கு அப்பால் மலைச்சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசனை கூடம்வரைக்கும் வந்தது. கையில் செருப்போடு நிலைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், சுவரில் முட்டிக்கொண்டவன்போலத் திரும்பி உள்ளே நடந்தான்.

மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்த அக்கா தலையைத் தூக்கினாள்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"சும்மா காத்தாட போலாம்னு பாத்தேன்க்கா."

"போயேன்."

"வழி வரட்டும்" என்றான், பஸ் வரட்டும் என்கிற மாதிரி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றும் போனது.

மலைக்காட்டுக்குள் ஜீப்பும் பைக்கும் ஓடுகிற தடங்களை அளப்பதும், கெட்டுப்போனதைச் சீர் செய்வதும், சீர் செய்ய முடியாததை மூடுவதும் அவள் வேலை. சர்வேயரம்மா என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். சக்கரம் உழுது உழுது ஒரு தடம் ஓடையாகிவிட்டால், மழையில் மலையே கரைந்து ஆற்றில் சேர்ந்துவிடும். அப்போது அந்தத் தடத்தை மூடித்தான் ஆகவேண்டும். மூடுவது என்றால் கம்பிக்கதவு போட்டுப் பலகை மாட்டுவதென்று நினைக்கிறவர்கள் உண்டு. பலகையைப் பார்த்ததும்தான் பைக் ஓட்டுகிற பசங்களுக்குக் கை அரிக்கும், பக்கவாட்டில் புகுந்து இன்னொரு தடம் போட்டுவிடுவார்கள். ஒழுங்காக மூடிய தடம் இருந்ததாகவே தெரியக் கூடாது. இறுகிய மண்ணைக் கிளறி, சருகைப் பரப்பி, காய்ந்த கிளைகளை அங்கேயே முளைத்து அங்கேயே பட்டுப்போனதுபோல நட்டு வைக்கவேண்டும். கிளையின் அடியைச் சாய்வாக வெட்டி, வெள்ளை மரம் பளிச்சென்று தெரியாதபடி ஈர மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துவிட வேண்டும். அவள் இடமிருந்து வலமாகத் தேய்ப்பாள். மறைப்பது பெரிய காரியமில்லை, பார்க்கிறவன் கண்ணுக்கு அந்த இடத்தில் தங்கவே பிடிக்காமல் செய்வதுதான் வேலை என்பாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அது அவளுக்கும் தெரியும்.

"சர்வேயரம்மா மூடுனா அந்த மரத்துக்கே அது எங்க நின்னுச்சுன்னு மறந்துபோயிடும்" என்பார் மண் வாரும் மெஷின் ஓட்டுகிறவர். வெளிப்பக்கம் முடிந்ததும் அவர் மெஷினை அணைக்கப் போவார். அவள் விடமாட்டாள்.

"உள்பக்கமும் மூடணும் அண்ணே. மேல இருந்து வேற தடத்துல இறங்கி வர்றவன் இந்தத் தடத்தோட வாயப் பாத்தான்னா, திரும்பத் திறந்துடுவான்."

தடம் தொடங்கும் வாயில் ஒரு பலகை உண்டு. வேலைக்காரர் யார் உள்ளே போனாலும் தன் பேர் பொறித்த தகரத் தகட்டை அதில் மாட்டிவிட்டுப் போகவேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசித் தடத்தை மூடிய அன்றைக்குத் தம்பியின் தகடு அதில் தொங்கியது. அவனுக்கும் அதே வேலைதான், அவள்தான் சேர்த்துவிட்டிருந்தாள். அவனோ உலக மறதிக்காரன். தகடு பலகையில் தொங்க, இவன் வீட்டில் காலாட்டிக்கொண்டு டிவி பார்த்த நாட்கள் எத்தனையோ. அவள் உச்சுக்கொட்டினாள், தகட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று மெஷின்காரர் கேட்டார்.

"யாருமில்லண்ணே. மூடலாம்."

அன்றைக்குச் செய்ததுதான் அவள் வாழ்நாளிலேயே நல்ல வேலை.

தம்பி அன்றிரவு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் சிநேகிதர்களோடு கிளம்பிப் போகிற பழக்கம் அவனுக்கு உண்டு. வரட்டும், வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். ஆபீசுக்குப் போட்டோ எடுக்கத் திரும்பப் போனபோதுதான் கிளைகளுக்குப் பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. அவள் கிளைகளைப் பிடுங்கி எறிந்தாள். சாலையிலிருந்து இரண்டு கை தூரத்தில், கிளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்ரோல் தீர்ந்த பைக் பக்கத்தில் கிடந்தது. தடத்தின் வாய்க்கு முன்னால் மண் வட்டமாக நைந்து போயிருந்தது. முதலில் சக்கரத்தாலும், அப்புறம் செருப்பாலும். வந்திருக்கிறான், திரும்பியிருக்கிறான். வந்திருக்கிறான், திரும்பியிருக்கிறான். அத்தனை நாளும் லாரிகள் அவன் காதுக்குப் பக்கத்தில்தான் போய் வந்திருக்கின்றன.

"கையால விலக்கிட்டு வந்திருக்கக் கூடாதாடா?" என்று கதறினாள்.

"எத விலக்கறது?" என்று கேட்டான்.

அதிர்ச்சிதான், போகப்போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தகட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் அவள் சட்டைப்பையில்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவன் கண்ணுக்குக் கதவுகள் தெரிவதில்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் அவள் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போகவேண்டும். அதில் ஒன்றும் புதுசில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் இடுப்புக் குழந்தை. நடக்கப் பழக்கியதே அவள்தான். இன்னொரு தரம் பழக்கினால் போகிறது. வேலை போனாலும் பேர் கெட்டாலும் கவலையில்லை, இவன் மட்டும் தேறி எழுந்துவிட்டால் போதும் என்று தினமும் மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

இப்போது வாசல்கதவைச் சாத்தலாம் என்று மேசையிலிருந்து எழுந்து போனவள், நிலையடியில் சருகு சேர்ந்திருப்பதைப் பார்த்தாள். காற்று அடித்திருக்கும். பெருக்கித் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பின்கட்டிலும் சருகு இருந்தது. பின்கதவைக் காலையிலிருந்து யாரும் திறக்கவில்லை. அதையும் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கதவோரத்தில், தரைக்கல் இடுக்கில், ஒரு காய்ந்த கிளை நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. கொஞ்சம் சாய்ந்து, அங்கேயே முளைத்து அங்கேயே பட்டுப்போனதுபோல.

பிடுங்கி விளக்கடிக்குக் கொண்டுவந்தாள். அடி சாய்வாக வெட்டியிருந்தது. வெட்டின்மேல் மண் தேய்த்திருந்தது, இடமிருந்து வலமாக. தூக்கத்தில் நடந்து நானே செய்கிறேனோ என்றுகூட நினைத்தாள், அப்படி இருந்துவிட்டால் தேவலை என்றும் நினைத்தாள். மண்ணில் விரல் தடம் பதிந்திருந்தது. தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

தடம் அவள் விரலைப்போல இரண்டு மடங்கு நீளம்.

"தம்பி" என்று கூப்பிட்டாள். "இது ஏதுடா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எட்டிப் பார்த்தான். "வந்துட்டாங்களா?" என்றான்.

"யாரு?"

"உள்ள இருக்கறவங்க. நீ அன்னிக்கி மூடுனப்ப உள்பக்கம் நின்னு பாத்துட்டே இருந்தாங்கக்கா. நான் வந்து உன்னக் கூப்பிட்டேன். நல்லாக் கத்திக் கூப்பிட்டேன். மெஷின் சத்தத்துல உனக்குக் கேக்கல."

அவள் கிளையை மேசைமேல் வைத்தாள்.

"என் பக்கத்துலதான் நின்னாங்க. என்ன ஒண்ணும் பண்ணல. உன் கையத்தான் பாத்தாங்க. எப்படி வெட்டற, எப்படி நடற, எப்படித் தேய்க்கற..." அவன் நிதானமாகச் சொன்னான். "ரொம்பப் பொறுமைக்காரங்க. ஒரு தடவ பாத்தா போதும், கத்துக்கறாங்க."

அவள் சட்டைப்பையிலிருந்து தகட்டை எடுத்தாள். "உன் தகடு பலகையிலதான்டா தொங்குச்சு. நீ மறந்துட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன். நான்தான்டா... நான்தான் உன்ன உள்ள வெச்சு மூடிட்டேன்."

திட்டுவான், அழுவான், முகத்தையாவது திருப்பிக்கொள்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் தகட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அவங்களுக்கு உன் வேல ரொம்பப் புடிச்சுப்போச்சுக்கா" என்றான்.

அவள் செல்போனை எடுத்து மெஷின்காரரைக் கூப்பிட்டாள். அண்ணே, உடனே ஜீப்பை எடுத்துக்கிட்டு வாங்க, எதுவும் கேக்காதீங்க என்றாள். நல்ல மனுஷன், எதுவும் கேட்கவில்லை. போனை வைத்தபோது வீடு அமைதியாக இருந்தது. கூரைத் தகரத்தில் சொட்டுச்சொட்டாக நீர் விழும் சத்தம். அதற்கு அடியில், பின்கட்டுப் பக்கம், சருகைக் கைநிறைய அள்ளிப் பரப்புகிற சத்தம். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். காலமெல்லாம் அவள் கையே எழுப்பிய சத்தம் அது.

தம்பியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "வா, வாசல்ல போய் நிப்போம்."

நாலு எட்டு வைத்தால் வாசல்கதவு. வைத்தாள். எதிரே சுவர் இருந்தது. சுவரில் குடை மாட்டும் ஆணி, பக்கத்தில் அலமாரியின் நிழல், அப்புறம் மறுபடியும் சுவர். ஆணிக்கும் நிழலுக்கும் நடுவில் எங்கோ கதவு இருக்கவேண்டும். அங்கே பார்க்க முயன்றாள். கண் வழுக்கிக்கொண்டு ஆணிக்குப் போனது. மறுபடி முயன்றாள். நிழலுக்குப் போனது. அந்த இடத்தில் தங்கக் கண்ணுக்குப் பிடிக்கவில்லை.

எவ்வளவு நேர்த்தியான வேலை என்று அந்த நிலையிலும் ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வெளியே ஜீப் வரும் சத்தம். ஏற்றத்தில் முனகிக்கொண்டு வந்தது, நெருங்கியது, நின்றது. அவளுக்கு உயிர் வந்தது. போன் அடித்தது.

"சர்வேயரம்மா, உங்க வீட்டுத் திருப்பம் எங்கம்மா?"

"என்னண்ணே இது, எத்தன தடவ வந்திருக்கீங்க! வீட்டு முன்னாடிதான் நிக்கிறீங்க, இஞ்சின் சத்தம் கேக்குது."

"விளையாடாதீங்கம்மா. இங்க வெறும் மரமால்ல இருக்கு."

"ஹார்ன் அடிங்க!"

ஹார்ன் அடித்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்தில், காதைப் பிளந்தது.

"இங்கதாண்ணே! இங்கதான்! இறங்கி வந்து கையால விலக்குங்க!"

"எத விலக்கறது?" என்று கேட்டார்.

ஜீப் திரும்பியது. இறங்கிப் போனது. சற்று நேரத்தில் மறுபடி வந்தது. நின்றது. திரும்பியது. போனில் அவர் குரல் கரகரத்து, தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போனது.

ஜன்னலாவது இருக்கும். ஜன்னல் எந்தப் பக்கம்? இந்த வீட்டில் எத்தனை ஜன்னல்? நினைவில்லை. அவள் தம்பியின் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சுவரை ஓங்கி ஓங்கி அறைந்தாள். அலறினாள். "உள்ள ஆளிருக்கு! அண்ணே, உள்ள ஆளிருக்கு!"

ஜீப்பின் சத்தம் இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

மூச்சு வாங்கியது. தம்பியின் கைக்காகப் பின்னால் கையை நீட்டினாள்.

கையில் சுள்ளி குத்தியது.

திரும்பினாள். விளக்கைக் காணோம். மேசையைக் காணோம். இருட்டில் மெல்லிய கிளைகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அங்கேயே முளைத்ததுபோல. ஈர மண் வாசனை.

"தம்பி!"

"அக்கா?" குரல் பக்கத்தில்தான். கிளைகளுக்கு அந்தப் பக்கம். சின்ன வயதில் இருட்டைக் கண்டு பயந்தபோது கூப்பிடுவானே, அந்தக் குரல். "அக்கா, எங்கக்கா போயிட்ட?"

"இங்கதான்டா. எதிரதான் நிக்கிறேன். நேரா வா. என் கையப் பிடி."

செருப்பில்லாத கால்கள் சருகில் நடந்து வந்தன. நெருங்கின. ஒரு சாண் தூரத்தில் நின்றன. அவன் மூச்சு அவள் முகத்தில் பட்டது. அவள் கிளைகளைப் பிடித்து இழுத்தாள், முறித்தாள், நகம் பெயர்ந்தது. முறித்த இடத்தில் கிளைகள்தான் இருந்தன.

அந்தக் கால்கள் திரும்பின. போயின.

மறுபடி வந்தன. நின்றன. திரும்பின.

அவள் அழுதுகொண்டே இருட்டில் தடவினாள். விரலுக்கு ஒரு கிளையின் வெட்டு தட்டுப்பட்டது. சாய்வான வெட்டு. புதுசு. மண் இன்னும் ஈரம். அதன்மேல் அவள் விரலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரல், குளிர்ந்து, நீளமாக, மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இடமிருந்து வலமாக, பொறுமையாக, அவள் தேய்ப்பதைப்போலவே.