கட்டிலுக்கு ஃபெல்ட் வேண்டாம்

கட்டில் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவள் துடைப்பத்தோடு அறை வாசலிலேயே நின்று பார்த்தாள். அத்தை போய் ஒரு மாதமாகிறது. மெத்தையைத் தூக்கிப் போட்டாயிற்று. வெறும் பலகையோடு இரும்புக் கட்டில் மட்டும் ஜன்னலோரம் கிடக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை பெருக்குவதற்காக அவள் வருவாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மருந்து நெடியும் பவுடர் வாசனையும் மூக்கில் ஏறுவதற்குள் கைக்கு எட்டியதைப் பெருக்கிவிட்டு வெளியேறிவிடுவாள். மற்றபடி அந்த அறைக்குள் யாரும் நுழைவதில்லை. போன வாரம் கட்டில் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அது நிச்சயம்.

முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினாள். கட்டில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரோடு சேர்ந்தது. ஒரு முனகல்கூட இல்லை. சத்தம் வந்திருந்தால் அவ்வளவாகப் பயந்திருக்க மாட்டாள். வராததில்தான் முதுகு சில்லிட்டது.

சத்தம் வராமலிருக்க அந்தக் கட்டிலின் கால்களுக்கு அடியில் ஃபெல்ட், அதாவது தடித்த கம்பளித் துணி வில்லை, ஒட்டச் சொன்னது அவள்தான்.

இந்த வீட்டு மரத்தரை அவள் கணவனின் உயிர். பலகை பலகையாக அவனே தேர்ந்தெடுத்துப் போட வைத்தது. அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் குனிந்து, டார்ச் அடித்து, எங்கேயாவது கீறல் விழுந்திருக்கிறதா என்று தேடுவான். கல்யாணமான புதிதில்கூட அவளை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. அத்தைக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போனபோது, மகனான அவன் முதலில் கேட்ட கேள்வி, "இரும்புக் கட்டில்தான் வேணுமா? தரை என்னத்துக்காகும்?" என்பது.

அத்தைக்கு இடது கை மட்டும் மிச்சமிருந்தது. அந்த ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து உன்னித் தள்ளுவாள். கட்டில் கால்கள் தரையில் கிறீச்சென்று இழுபடும். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு கிறீச். துணி ஈரமென்றால் இரண்டு. மூச்சு முட்டினால் விடாமல். வாயில்லாதவளுக்கு வாய் அதுதான்.

அவளுக்கு மெய்ப்புத் திருத்துகிற வேலை. சாப்பாட்டு மேசைதான் அவளுடைய அலுவலகம். ஒரு பக்கத்தில் பத்துப் பிழை பிடிப்பதற்குள் நான்கு கிறீச். எழுந்து ஓடுவாள், வருவாள், விட்ட வரியைத் தேடுவாள். ஐந்து மாதம் ஓடினாள். பல் கூசுகிற அந்தச் சத்தம் குளிக்கும்போதும் காதில் கேட்டது. அதனால், மேசை நாற்காலிக்கெல்லாம் ஃபெல்ட் ஒட்டக் கணவன் தச்சரை வரவழைத்த அன்று, அவளே அவரை அத்தையின் அறைக்கு அழைத்துப் போனாள்.

"கட்டிலுக்கு ஃபெல்ட் வேண்டாம்மா," என்றார் தச்சர். "இந்தத் தரையில பனிக்கட்டி மாதிரி வழுக்கும். படுத்திருக்கறவங்களுக்கு ஆபத்து. ரப்பர் கிண்ணம் வச்சுத் தரேன், அசையாது."

"ரப்பரும் கத்தும் அண்ணே. சத்தம் வராததா போடுங்க."

"சத்தமா? இதை ஒட்டிட்டா யானை நடந்தாக்கூட உங்களுக்குக் கேக்காது," என்று சிரித்துக்கொண்டே ஒட்டினார்.

அத்தை தலையணையில் முகத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் புரிந்த பார்வை. இவள் தன் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள்.

அதன்பிறகு வீடு அமைதியானது. மூன்று வாரம். நான்காவது வாரத்தில் ஒரு நாள், மாலைக்குள் ஒரு பாடப்புத்தகத்தை முடித்தாக வேண்டும். காலையில் கஞ்சி ஊட்டிவிட்டுக் கதவைச் சாத்தியவள் ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளி உள்ளே போனாள். கட்டில் ஜன்னலோரம் இல்லை. ஏழடியும் கடந்து கதவுக்கு வந்திருந்தது. ஜன்னல் கம்பி, அலமாரிக் கைப்பிடி, சுவர் விளிம்பு என்று பிடித்துப் பிடித்து, அங்குலம் அங்குலமாக, ஒரே கையால். அத்தையின் வாயோரம் கஞ்சி காய்ந்திருந்தது. இடது கை கதவுப் பக்கம் நீட்டியபடியே விறைத்திருந்தது. எத்தனை மணி நேரம் தள்ளினாளோ. அவ்வளவு நேரமும் இவள் பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒற்றெழுத்துகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அவள் அழவில்லை. கட்டிலை மெதுவாகப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். வாயைத் துடைத்தாள். கையை மடக்கிப் போர்வைக்குள் வைத்தாள். அது லேசில் மடங்கவில்லை. பிறகுதான் கணவனுக்குப் போன் செய்தாள்.

"தூக்கத்துலயே போயிட்டாங்க."

"குடுத்து வச்சவ," என்றான் அவன்.

வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஆறு மாதம் அவள் பார்த்துக்கொண்ட விதத்தை மெச்சினார்கள். அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கட்டில் ஒரு சாண் தள்ளி நின்றதைக் கண்ட அன்று ராத்திரி கணவனிடம் கேட்டாள்.

"அத்தை கட்டிலை நீங்க நகர்த்தினீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? ஏன், தரையில ஏதாவது பட்டுடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் அவன் கிளம்பியதும் சாக்பீஸால் நான்கு கால்களைச் சுற்றியும் வட்டம் போட்டாள். மதியம் போய்ப் பார்த்தபோது வட்டங்கள் காலியாக இருந்தன. கட்டில் அறையின் நடுவில் நின்றது. தரையில் இழுத்த தடம் எதுவும் இல்லை, தூசிகூடக் கலையவில்லை. தள்ளி வைத்தாள். அடுத்த நாள், தூக்கிப் போட்ட மெத்தையின் வாசனை, அந்தப் பவுடரும் வியர்வையும் கலந்த வாசனை, கூடத்தில் அவள் மேசை வரைக்கும் வந்து நின்றது. அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பாதிதான் திறந்தது.

தச்சரைக் கூப்பிட்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவர் வந்தார். கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்தார். ஒரு ஃபெல்ட் வில்லையை நகத்தால் பெயர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சல்லடைத் துணிபோல் அந்தப் பக்கம் தெரிந்தது.

"நான் ஒட்டி ரெண்டு மாசம் இருக்குமாம்மா?"

"இன்னும் ரெண்டு மாசம் ஆகல."

"பத்து வருஷம் ஓட்டின மாதிரி தேஞ்சிருக்கு. யாரு இதை இப்படிப் போட்டு இழுக்கறது?"

அவள் தரையிலிருந்த சாக்பீஸ் வட்டத்தைக் காலால் அழித்தாள். அவர் மிச்ச ஃபெல்ட்டையும் சுரண்டி எடுத்துவிட்டு, நான்கு கால்களையும் கனமான ரப்பர் கிண்ணங்களில் இறக்கினார். ஜன்னலோரம் வைத்துத் தன் பலம் கொண்ட மட்டும் தள்ளிக் காட்டினார். கட்டில் அசையவில்லை.

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்," என்றார் போகும்போது. வைது சொன்னதுபோலவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை.

அவர் போனபின் அவள் பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள். இனி அது நகராது. நகர்ந்தாலும் ரப்பர் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். அறைக் கதவை வேண்டுமென்றே அகலத் திறந்து வைத்தாள். காபி கலந்துகொண்டு, கதவுக்கு முதுகு காட்டி மேசையில் உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடியில் மழை ஒரே சீராக வழிந்தது, குளிர்பெட்டி உறுமிவிட்டு ஓய்ந்தது, மேல்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். எல்லாச் சத்தமும் அதனதன் இடத்தில் இருந்தது. காதை அறைப் பக்கம் வைத்தபடியே ஏழு பக்கம் திருத்தினாள். ஒரு கிறீச்சும் இல்லை.

எட்டாவது பக்கத்தில் ஒரு பிழையைச் சுழிக்கக் கையை நீட்டினாள். பேனா முனை தாளின் ஓரத்தில்தான் பட்டது. பின்னால் சாய்ந்துவிட்டோம் என்று நினைத்து முன்னுக்குச் சரிந்து எழுதினாள்.

ஒன்பதாவது பக்கம் எட்டவில்லை.

காபிக் கோப்பையும் எட்டவில்லை.

குனிந்து பார்த்தாள். நாற்காலியின் முன்கால்கள் மேசைக்கு அடியில்தான் இருந்தன, உட்கார்ந்தபோது. இப்போது மேசை விளிம்புக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவே இரண்டு பலகை அகலம் தரை தெரிந்தது.

மூன்று பலகை.

அவள் காலை ஊன்றவே இல்லை. யாரும் தள்ளவில்லை. நாற்காலி பின்னால் போய்க்கொண்டிருந்தது. பாகு வழிவதுபோல் மெதுவாக. சத்தமே இல்லாமல்.

எழப் பார்த்தாள். இடுப்பு எழவில்லை. தோளுக்கு மேல் ஏதோ அழுத்தியது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. எட்டிப் பாய்ந்து மேசை விளிம்பைப் பிடித்தாள், இரண்டு கையாலும். பிடி கிடைத்தது. மேசையும் கூடவே வந்தது. தாளும் கோப்பையும் சுமந்துகொண்டு, சாதுவாக, அவளைத் தொடர்ந்து வழுக்கி வந்தது.

"என்னங்க," என்றாள். அவன் வர இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

பவுடர் வாசனை.

கதவு நிலை இரண்டு பக்கமும் கடந்தது. மேசையை விட்டுவிட்டு நிலையைப் பற்றினாள். விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. யாரோ பொறுமையாகப் பிரித்தெடுத்தார்கள். ஒரே கையால். சில்லிட்ட, சுருங்கிய, நல்ல பலமுள்ள கை.

நாற்காலி நின்றது.

அப்போதுதான் திரும்பினாள்.

கட்டில் ஜன்னலோரமே இருந்தது. ரப்பர் கிண்ணங்களில், இம்மியும் நகராமல். அதன்மேல் மெத்தை விரிந்திருந்தது. சுவர்ப் பக்கம், ஆள் படுத்த கனத்தில் மெத்தை குழிந்து, தலையணை நசுங்கியிருந்தது. இந்தப் பக்கம், அவளுக்கு நேரே, போர்வை ஓரமாக மடித்துவிடப்பட்டு, இன்னொருவர் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.