திரைக்குப் பின்னால் ஹாட் டிஸ்க்

மஃறூப் செத்துக் கிடந்தான்.

கல்முனைக்குடியில், தன் சொந்த அச்சுக்கடைக்குள்ளேயே, மண்டை உடைந்து!

பக்கத்தில் அவனுடைய கொம்பியூட்டர் மூடி கழன்று கிடந்தது. உள்ளே எல்லாம் இருந்தன. ஹாட் டிஸ்க்கை மட்டும் காணோம்.

கொம்பியூட்டருக்கென்று மஃறூப் வருஷக்கணக்காகக் கீறிய புதுத் தமிழ் எழுத்துரு அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. கொழும்புக் கம்பனிகள் அதற்கு அடிபிடிப்பட்டன.

ஒரு கிழமைக்குள் டிஸ்க் அகப்பட்டுவிட்டது. யாரோ போனில் கொடுத்த துப்பு. பாண்டிருப்பில், கடைக்குக் கொம்பியூட்டர் திருத்த வரும் கிசோக்கின் வீட்டில், அவனுடைய கொம்பியூட்டருக்குள்ளேயே!

தமிழ்ப் பொடியன். வருஷம் 1999, யுத்த காலம். வேறென்ன வேண்டும்? பின்னேர அசர் தொழுகைக்கு முன் ஆமிக் காம்பில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. உள்ளே போனவர்களைத் திரும்பக் கண்டவர்கள் குறைவு.

போகும் வழியில் இன்ஸ்பெக்டர் ஹஸன் மஃறூபின் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினார்.

மஃறூபோடு கடைக் கொம்பியூட்டரில் வேலை செய்த அவனுடைய மனைவி நபீலா இத்தாவில் இருந்தாள். புருஷன் மௌத்தான பெண் அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. பொலிஸ்காரன் கிசோக்கின் வீட்டில் எடுத்த கொம்பியூட்டரை அறைத் திரைக்கு அடியால் உள்ளே தள்ளிவிட்டான்.

"இது ஒங்கட புருஷன்ட டிஸ்க்கா எண்டு பாத்துச் சொல்லுங்க தங்கச்சி. கொலகாரன் ஜீப்புல இரிக்கான்."

"பாக்கிறன் சேர். இஹ்ஸான் மச்சானையும் வரச் சொல்லுங்க. கடையில அவருக்கும் பங்கிரிக்கி."

மஃறூபின் சாச்சா மகன், ஒன்றுவிட்ட சகோதரன் இஹ்ஸான் வந்தான். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசம், முகத்தில் அளவான துக்கம்.

"இத்தாவுல இரிக்கிற நீங்க ஏன் மச்சி இதெல்லாம் தொடுறீங்க? அந்த நாய காம்புக்கு அனுப்பிப் போடுங்க சேர்."

"நான் செய்யல்ல ஐயா..." ஜீப்பிலிருந்து கிசோக்கின் குரல் கேட்டது. தொடர்ந்து ஒரு அறை விழும் சத்தமும்.

திரைக்குப் பின்னால் விசிறி இரைந்தது.

பீப்... பீப்...

"வின்டோஸ் போட்ட டிஸ்க்க வேற கொம்பியூட்டருக்கு மாத்தினா சும்மா வேல செய்யாது சேர்," என்றாள் நபீலா. "பொண்ணு வீட்டுக்கு வந்த புது மாப்பிள போல, இது யாரு, அது யாரு எண்டு ஒவ்வொண்டாக் கேக்கும். ஆனா முந்தி இரிந்த வீட்டு ஆக்களயும் மறக்காது."

"அப்ப இது எத்தின வீடு போயிரிக்கி?"

"மூணு."

இஹ்ஸானின் கை சட்டைப் பொத்தானைத் தேடியது.

"எங்கட கட ஒண்டு. கிசோக்ட வீடு ஒண்டு. நடுவுல இன்னொரு கொம்பியூட்டர்."

"யார்ர?"

"பேரில்ல. சாமான்தான் தெரியிது. வாசிக்கிறன்... டீவி காட்."

ஹஸன் மெதுவாகத் திரும்பினார்.

கொம்பியூட்டரில் டீவி தெரியவைக்கும் அந்தக் காட்டை சவூதியிலிருந்து எடுப்பித்தவன் ஊரிலேயே ஒருவன்தான்!

"ஒங்கட ஊட்டுலதானே இஹ்ஸான் நான் உலகக் கிண்ண மெச் பாத்தன்?"

"பொய் சேர்! அது எப்புடித் தெரியும்? நான் டீவி காட்டக் கழட்டி வெச்சிட்டுத்தானே டிஸ்க்க மாட்டின..."

நாக்கைக் கடித்தான். சொல் போய்விட்டது!

வாசலுக்குப் பாய்ந்தவனைப் பொலிஸ்காரன் பிடரியில் பிடித்தான்.

திரைக்கு அடியால் ஒரு தாள் வெளியே வந்தது. இஹ்ஸான் அடித்து ஊரெல்லாம் ஒட்டிய அனுதாப நோட்டீஸ்.

"'ஆழ்ந்த அனுதாபங்கள்' எண்டு போட்டிரிக்கீங்க மச்சான். அந்த 'ழ'வுக்கு வாலச் சுருட்டி வெச்சது என்ட புருஷன். அந்த எழுத்து இந்த டிஸ்க்க விட்டா வேற எங்கயுமில்ல. அவரக் கொல செஞ்சுபோட்டு, அவர்ர எழுத்துலயே அவருக்கு நோட்டீஸா?"



"இத முதல்லயே சொல்லியிரிக்கலாமே?" என்றார் ஹஸன்.

"சொன்னா, உசிரோட இரிக்கக்குள்ள அவரே தந்த எண்டிரிப்பான். நீங்களும் நம்பியிரிப்பீங்க. பொடியன அடிச்ச வேகத்தத்தான் கேட்டனே."

ஹஸன் கிசோக்கின் விலங்கைக் கழற்றச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு திரைப் பக்கம் திரும்பினார்.

"கோட்டுக்கு ஆதாரம் வேணும் தங்கச்சி. அந்த ஸ்கிரீனக் கொஞ்சம் இஞ்சால திருப்புங்க. டீவி காட் எண்டு இரிக்கிறத நானும் பாக்கணும்."

"எந்த ஸ்கிரீன் சேர்? ஒங்கட ஆக்கள் பெட்டிய மட்டும்தானே தூக்கிக் கொண்டந்தாங்க. மனிட்டர் இன்னும் பாண்டிருப்புல கிடக்கு!"